கேட்க மூன்று பேர்

லோரி எந்த இடத்தில் கவிழ்ந்தது என்று கேட்டேன். அவர் அந்த ஓட்டுநரின் அம்மாவுக்கு நடந்த கல்யாணத்திலிருந்து தொடங்கினார்.

சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அதன் வாசலில் எடைமேடை. ஓட்டுநர்கள் அதைத் திம்பாங் என்பார்கள். மேடையை ஒட்டி, இரண்டு மேசை போட்டால் நிறைந்துவிடும் ஓர் அறை. தள்ளித் திறக்கும் கண்ணாடிச் சன்னல், சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி, டொக்கெட் என்கிற எடைச்சீட்டை அச்சடிக்கும் இயந்திரம், இவற்றுக்கு நடுவே அவர். பழக்குலை ஏற்றி வரும் லோரியை எடை போட்டு உள்ளே அனுப்புவார். கொட்டிவிட்டுத் திரும்பும் வெற்று லோரியை மறுபடி எடை போட்டு வெளியே அனுப்புவார். இருபது வருடத்துக்கு மேலாக அதுதான் வேலை. எழுத்தரைக் கிராணி என்கிற தோட்டக் காலத்துச் சொல் இன்னும் போகவில்லை. மூத்த ஓட்டுநர்கள் அவரைக் கிராணியம்மா என்றார்கள். மற்றவர்களுக்கு அக்கா. எனக்கும் அக்காதான்.

நான் அப்போது குளுவாங்கில் ஒரு தமிழ் நாளிதழின் வட்டார நிருபர். கவிழ்ந்த லோரிக்கு எனக்குக் கிடைத்த இடம் இரண்டு பத்தி. என் தொழிலில் முதல் பத்தியிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும்: யார், எங்கே, எப்போது, என்ன ஆயிற்று. பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் துணையாசிரியர் கீழிருந்து வெட்டுவார். அதனால் முக்கியமான எதையும் கீழே வைக்க மாட்டோம். கடைசிப் பத்தி என்பது போனாலும் பரவாயில்லை என்று எழுதப்படுவது.

"அந்தப் பையனோட அம்மாவுக்கு லாயாங் லாயாங் பக்கம் ஒரு வீட்டுலதான் கல்யாணம் ஆச்சு," என்றார் அவர். "பந்தல் போட்ட அன்னிக்கு நல்ல மழை."

"அக்கா, லோரி எங்க கவுந்துச்சு?"

"அங்கதான் வந்துக்கிட்டு இருக்கேன் தம்பி."

இருபது நிமிடம் கழித்து வந்து சேர்ந்தார். ஆலைக்கு முன்னால் மூன்றாவது வளைவு. அந்த வளைவிலிருந்து பிரியும் மண்சாலையில்தான் அம்மாவின் கல்யாண வீடு இருந்தது. வீட்டை இடித்துவிட்டார்கள் என்று முந்தின நாள் கேள்விப்பட்ட பையன், உண்மையா என்று பார்க்கத் தலையைத் திருப்பியிருக்கிறான். கை எலும்பு முறிவோடு தப்பிவிட்டான். நான் எழுதியது: வளைவில் கட்டுப்பாட்டை இழந்த லோரி கவிழ்ந்தது, ஓட்டுநர் காயம். தவறு எதுவும் இல்லை. ஏன் கவிழ்ந்தது என்பது மட்டும் அதில் இல்லை.

அவர் எதையுமே நேராகச் சொல்லமாட்டார். கோப்பி வேண்டுமா என்று கேட்டால், கோப்பியை ஏன் விட்டார், எந்த மருத்துவர் சொன்னார், அந்த மருத்துவரின் மாமனார் எந்தத் தோட்டத்து மருத்துவமனையில் டிரஸராக இருந்தார் என்று போய், அந்த வழியாகவே ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, "அதனால தே ஓ போதும்" என்று பாலில்லாத தேநீரில் முடிப்பார். போன வழியிலேயே திரும்புவார் என்பதை நான் பல நாள் கழித்துத்தான் கவனித்தேன். ஒரு படியும் தாண்டமாட்டார்.

மாசாயில் இருந்த அவருடைய தங்கை இதை ஒரு நோயாகவே கருதினார். "சின்ன வயசுலேருந்து இப்படித்தான். பொண்ணு பார்க்க வந்தவங்க பேர் என்னன்னு கேட்டாங்க. பேரு யார் வச்சாங்கன்னு ஆரம்பிச்சுது. அவங்க பலகாரத்தைச் சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க," என்று என்னிடம் சிரித்தபடி சொன்னார். அக்காவும் பக்கத்தில் இருந்தார். அவரும் சிரித்தார். கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்த பிறகு சிம்பாங் ரெங்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். பகலில் கண்ணாடிக்குப் பின்னால் தனியாக.

அவர் மேசையில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. ஆலைக் கோப்பு என்று நினைத்தேன். ஒரு நாள் திறந்து காட்டினார். பழைய கிரேக்கக் காவியங்களைப் பற்றிய பாடக் குறிப்புகள். மஞ்சள், பச்சை மையில் அடிக்கோடுகள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் வகுப்பு. வயது வரம்பு கிடையாது. காவியங்களை ஆங்கிலத்தில்தான் படித்தார். கிரேக்க எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டு, சரியாக அச்சாகாமல் கிழித்துப் போட்ட டொக்கெட்டுகளின் பின்னால் எழுதிப் பார்ப்பார்.

"இதை எப்படிக்கா பிடிச்சீங்க?"

அதற்கான பதில் இரண்டு லோரிகளை எடை போடும் நேரம் நீண்டது. சுருக்கம் இதுதான். கைப்பேசியில் சமையல் காணொளி தேடும்போது, வெள்ளைத் தாடி வைத்த ஒரு பேராசிரியர் பேசும் காணொளி தானாக ஓடியிருக்கிறது. அந்தக் காலத்துப் பாடகன் கதையை முதலிலிருந்து தொடங்கமாட்டான், நடுவில் குதிப்பான் என்றாராம் பேராசிரியர். கத்தி ஓங்கிய நேரத்தில் கதையை நிறுத்திவிட்டு, அந்தக் கத்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்லப் போய்விடுவான். போனவன் அதே வழியில் படிப்படியாகத் திரும்பி வருவான். கேட்கிறவர்கள் எழுந்து போவதில்லை, அதற்காகத்தான் வருகிறார்கள்.

"எனக்கு ஐம்பத்தி ரெண்டு வயசு அப்போ," என்றார். "நான் பேசுறது தப்பில்லைன்னு ஒருத்தர் சொல்லி அன்னிக்குத்தான் முதல் தடவை கேட்டேன்."

படித்ததை உடனே பயன்படுத்தினார். காவியத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி உண்டு, அது மாறவே மாறாது, தூங்கினாலும் சண்டை போட்டாலும் அதே அடைமொழிதான் என்று விளக்கினார். பாடகன் அந்த இரண்டு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரியை யோசித்துக்கொள்வானாம். அந்த வாரத்திலிருந்து ஓட்டுநர்கள் எல்லோருக்கும் அடைமொழி வந்தது. 'ஈரத் துண்டுக் கழுத்துச் செல்வம்.' 'மூன்று மகள் பெற்ற மணியம்.' சன்னல் வழியாக டொக்கெட்டை நீட்டும்போது முழுதாகச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"அக்கா, இன்னிக்கு நான் துண்டு போடல லா," என்றான் செல்வம்.

"போடலைன்னாலும் நீ ஈரத் துண்டுக் கழுத்துதான்."

"எனக்கு நாலாவது பிறக்கப் போகுது கிராணியம்மா," என்றார் மணியம். "இப்போ என்ன பண்ணுவீங்க?"

"பையனா பெத்துக்க. எனக்கு வேலை மிச்சம்."

என்னையும் விடவில்லை. எனக்கு அவர் வைத்தது 'பாதியில் எழும் நிருபர்.' நான் வேறு நல்ல பெயராகப் பார்த்து வைக்கச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

வகுப்பின் கடைசிப் பயிற்சி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. தாள் எழுதினால் போதாது. மாணவர் ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் சொந்தமாக ஒரு கதை கட்ட வேண்டும். படித்த உத்திகள் அதில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல், வாயால், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்குச் சொல்லி ஒலிப்பதிவு செய்து அனுப்ப வேண்டும். குறைந்தது மூன்று பேர் கேட்க வேண்டும். இதில் தேறினால்தான் சான்றிதழ்.

"கதை இருக்கு தம்பி. ரொம்ப வருஷமா இருக்கு. மூணு பேருக்கு எங்க போறது?"

கேலியாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை குடும்பத்தை அழைத்துக் கோழிக் கறி சமைத்துப் போட்டார். சாப்பிட்டதும் கதையைத் தொடங்கினார். தங்கையின் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்தில் தங்கை கணவர், நெடுஞ்சாலையில் ஜாம் ஆகிவிடும் என்று எழுந்தார். பிறகு அக்கா கோயில் நிர்வாகத்தைக் கேட்டார். நவராத்திரி நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் தருகிறோம், தேவாரமாக இருந்தால் நல்லது என்றார்கள். அனுப்ப வேண்டிய நாளுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆலையின் கொதிகலன் மாதத்துக்கு ஒரு முறையாவது நிற்கும். கொதிகலன் நின்றால் பழம் அவிக்க முடியாது. கொட்டும் இடம் நிறைந்துவிடும். லோரிகள் வாசலில் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்களுக்கு ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், எங்கும் போக முடியாது. ஆலையில் எல்லோரும் கொதிகலன் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர் மட்டும் அது நிற்கக் காத்திருந்தார்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணி அளவில் அழைத்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே செய்தியைச் சொன்னார்: "நின்னுடுச்சு. வாங்க."

குளுவாங்கிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விட்டேன். எடைமேடை அறைக்கு வெளியே, தகரக் கூரையின் கீழ் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார். செல்வமும் மணியமும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நான். நான்காவது நாற்காலியில் ஓட்டுநர்கள் மாறி மாறி வந்து உட்கார்ந்து எழுந்துபோனார்கள். அவர் தலை சீவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டியிருந்தார். காலையில் கட்டிக்கொண்டு வந்ததாக இருக்க முடியாது. கொதிகலன் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அலமாரியில் வைத்திருந்திருக்க வேண்டும். கைப்பேசியைச் சன்னல் விளிம்பில் நிறுத்திவிட்டுத் தொடங்கினார்.

தொடக்கம் நடுவில் இருந்தது. ஒரு லோரி எடைமேடையில் ஏறுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். 'லோரி ஏறியது, எண் நின்றது, கை நீண்டது' என்று ஒரு வரி. லோரி வரும்போதெல்லாம் அதே வரியைச் சொன்னார். ஐந்தாவது தடவை செல்வமும் கூடச் சேர்ந்து சொன்னான். பிறகு அன்றைக்கு வந்த லோரிகளின் பட்டியல்: யாருடையது, எந்தத் தோட்டத்துப் பழம், ஓட்டுநரின் அப்பா யார். சலிப்பூட்டும் என்று நினைத்தேன். மணியம் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் அப்பாவின் பெயர் வருமா என்று பார்த்திருக்கிறார். வந்தது. மணியம் செல்வத்தின் தொடையில் தட்டினார்.

கதையில் வரும் அந்த அக்கா இருபத்து மூன்று வருடமாக ஒரு தம்பிக்காகக் காத்திருந்தாள். சாலையோரத்தில் நாசி லெமாக் விற்கிறவள், இருட்டிக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்து, குடையை விரிக்கவா பொட்டலத்தை மூடவா என்று தெரியாமல், இரண்டு கையையும் பாதியில் நிறுத்தி, இன்னும் ஒரு கார் நிற்கும் என்று சாலையையே பார்ப்பாளே, அப்படி அவள் சன்னலைப் பார்த்தாள் என்றார். செல்வம் என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னான்: "அக்காவுக்கு நிஜமாவே ஒரு தம்பி இருந்தாரு. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவரு. அப்புறம் தகவல் இல்ல."

அப்போது கதைக்குள் புதிய லோரி ஒன்று வந்தது. பகாங் மாநிலத்து எண். ஓட்டுநரின் முகம் வெயிலுக்கு எதிராக இருந்ததால் தெரியவில்லை. லோரி ஏறியது, எண் நின்றது, கை நீண்டது. அவள் டொக்கெட்டைக் கொடுக்க நிமிர்ந்தாள். இருக்கைக்குப் பின்னால் ஒரு கொக்கியில் எவர்சில்வர் தூக்குச்சட்டி தொங்கியது. மூடியில் கட்டைவிரல் பதிந்த அளவுக்கு ஒரு குழி.

அங்கே கதையை நிறுத்தினார். அந்தத் தூக்குச்சட்டியின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். அம்மா அதைக் குளுவாங் பசாரில் வாங்கியது. ரப்பர் பால் வெட்டப் பால்மரக் காட்டுக்கு எடுத்துப்போனது. தம்பி ஒன்பது வயதில் கோபித்துக்கொண்டு அதை லயத்து வீட்டுப் படியில் எறிந்தது. அப்பா கல்லால் தட்டி நிமிர்த்தப் பார்த்து, குழியை ஆழமாக்கியது. அவன் சிங்கப்பூர் பேருந்தில் ஏறிய காலையில் அம்மா அதில் புளிச்சோறு கட்டிக்கொடுத்தது. அங்கிருந்து திரும்பினார். பேருந்து, அப்பாவின் கல், படி, காடு, பசார். ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு, திரும்பவும் எடைமேடைக்கு வந்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் கொதிகலன் வேலை செய்யத் தொடங்கியது. நீராவி வெளியேறும் சத்தம் கேட்டது. காவலாளி கை அசைத்தார். வரிசையில் முன்னால் நின்ற லோரிகள் உறுமின.

செல்வம் எழுந்தான். "அக்கா, சுருக்கமா சொல்லுங்க. வந்தது அவரா இல்லையா?"

"சுருக்கமா இல்லடா. உக்காரு."

"இடம் போயிடும் அக்கா. பின்னால இருக்கவன் ஏறிடுவான்."

"இன்னும் ரெண்டு டிரிப் இருக்கு கிராணியம்மா," என்று மணியமும் எழுந்தார். "நாளைக்கு மீதியைச் சொல்லுங்க. கண்டிப்பா."

நான் மட்டும் இருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தொடர்ந்தார். அடுத்த லோரி மேடை ஏறியபோது எழுந்துபோய் எடை போட்டுவிட்டு, விட்ட இடத்துக்கே வந்தார். அப்போது என் கைப்பேசி அதிர்ந்தது. ஆசிரியர் பிரிவு. நெடுஞ்சாலையில் மூன்று வாகனங்கள் மோதியிருந்தன, படம் வேண்டும். எழுந்தேன். தூக்குச்சட்டியைப் பார்த்தாயிற்று. தம்பி என்று தெரிந்தாயிற்று. மீதி என்ன இருக்கப் போகிறது.

"முக்கியமானது எல்லாம் வந்துடுச்சு அக்கா. மீதியை அப்புறமா கேட்டுக்கிறேன்," என்றேன்.

"சரி தம்பி. பார்த்துப் போங்க."

அப்புறம் என்பது ஏழு மாதம். இதற்கிடையில் ஆலையில் அட்டையைத் தட்டினால் தானாக எடை போடும் இயந்திரம் வந்தது. அவர் வேலையை விட்டு உலு திராமுக்குக் குடிபோனார். ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டபோது அவர் நினைவு வந்தது. கிரேக்கக் காவியம் படித்த எடைமேடைக் கிராணி, நல்ல தலைப்பு. ஒலிப்பதிவை அனுப்பச் சொல்லி அவருக்கு எழுதினேன். அனுப்பினார்.

குளுவாங் ரயில் நிலையத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்து கேட்டேன். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் என் குரல் வந்தது. முக்கியமானது எல்லாம் வந்துடுச்சு அக்கா. நாற்காலி நகரும் சத்தம், கார்க் கதவு, கார் போகும் சத்தம். அதற்குப் பிறகு அவர் குரல் இல்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. லோரிகள் ஏறி இறங்கின. இயந்திரம் டொக்கெட் அடித்தது. நடுவில் ஒரு முறை செல்வம் சன்னலருகே வந்தான்.

"முடிச்சிட்டீங்களா அக்கா?"

"இல்ல. உக்காரு, சொல்றேன்."

"நாளைக்கு லா."

மறுபடி லோரிகள். அறுபத்தொன்றாவது நிமிடத்தில் பதிவு நின்றது. அவர் முடிவைச் சொல்லவே இல்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து நான்கைந்து நிமிடம் பேசியிருந்தால் போதும். இங்கிலாந்தில் கேட்பவருக்கு ஆள் இருந்தார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்? அவர் அப்படிச் செய்யவில்லை. இப்படியே அனுப்பிவிட்டார். முடிவு இல்லாததால் தேர்ச்சி இல்லை, மறுபடி அனுப்பலாம் என்று பதில் வந்திருக்கிறது. அவர் மறுபடி அனுப்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை உலு திராமுக்குப் போனேன். கடை வரிசைக்கு மேலே ஓர் அறை வீடு. தே ஓ போட்டுக் கொடுத்தார். மேசையில் அந்தக் கோப்பு இல்லை. நான் கைப்பேசியை அணைத்து, அவர் பார்க்கும்படி மேசையில் வைத்தேன்.

"மூணு பேர் இல்லாம போயிடுச்சுன்னுதான் நிறுத்திட்டீங்களாக்கா?"

"அவங்க மூணு பேர்னு போட்டிருந்தாங்க," என்றார். "ஒருத்தர் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்."

இப்போது சொல்லுங்கள், எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன் என்றேன். அவர் என் கோப்பையை எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்தார். எனக்கு முதுகு காட்டியபடியே சொன்னார்.

"வந்தவன் என் தம்பி இல்ல. தூக்குச்சட்டி மட்டும் அவனோடது."

அவ்வளவுதான். யார், என்ன ஆயிற்று எல்லாம் அதில் இருந்தது. என் பத்திரிகையில் அப்படியே போடலாம்.

"அது அந்த ஆள் கைக்கு எப்படிக்கா வந்துச்சு?"

கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். துணியை மடித்தார். என்னோடு படிவரை வந்து கிரில் கதவைத் திறந்துவிட்டார்.

"அது பெரிய கதை தம்பி," என்றார்.